பிளம்ஸ் தோட்டத்துச் சம்பந்தம்

கொடைக்கானல் மலையில் பண்ணையார் ரங்கநாயகத்தின் பிளம்ஸ் மரங்கள் நிறையப் பூத்தும் காய்த்ததே இல்லை. "இந்தப் பூவும் உதிர்ந்தா எல்லாத்தையும் வெட்டிடுவேன்" என்றார். மரங்களைப் பிள்ளைகளாய் வளர்த்த தோட்டக்காரி பூவாத்தாள் ஒன்றும் தெரியாதவள்போலக் கேட்டாள்.

"இதெல்லாம் எங்க வாங்குன கன்னுங்கய்யா?"

"வாங்குறதா! எங்க தாய்மரம் ஒண்ணுலயே ஒட்டுக் கட்டினது. வேற ரகத்தை உள்ளேயே விட்டதில்ல."

"அப்போ எல்லாம் கூடப்பிறந்ததுங்க. அண்ணன் தங்கச்சிக்கு யாராச்சும் கல்யாணம் முடிப்பாங்களாய்யா?"

பண்ணையார் பக்கத்துத் தோட்டத்தைத் திரும்பிப் பார்த்தார்.

பூவாத்தாள் பக்கத்துத் தோட்டத்து வேறு ரகத்தின் பூத்த கிளைகளைக் கேட்டு வாங்கி, தண்ணீர்க் குடங்களில் செருகி, மரங்களுக்கு நடுவே வைத்தாள். தேனீக்கள் இரண்டு பூவிலும் மாறி மாறி உட்கார்ந்தன. அந்த வருஷம் கிளை வளையக் காய்த்தது.

முதல் கூடைப் பழத்தைப் பக்கத்துத் தோட்டத்துக்குப் பண்ணையாரே தூக்கிக்கொண்டு கிளம்பினார்.

"குடுங்கய்யா, நான் கொண்டு போறேன்."

"சம்பந்தி வீட்டுக்கு ஆளை அனுப்பினா மரியாதையா இருக்குமா, பூவாத்தா?"