எலுமிச்சைக்குப் போட்ட மொட்டை

மண்டையன்குளத்தில் ஆவுடையப்பன், அவர் மச்சான் கோமதிநாயகம், தம்பி சங்கிலி என்று மூன்று பேர். மூவருக்கும் சேர்த்து ஒரு எலுமிச்சந்தோப்பும் முக்கால் மூளையும் இருந்தன. அந்த முக்கால் யாரிடம் இருக்கிறது என்பதில்தான் தகராறு.

ஒரு வருஷம் எலுமிச்சை இலையெல்லாம் திட்டுத்திட்டாக மஞ்சளித்தது. காய்கள் கோணிச் சூம்பின. மூன்று வீட்டுச் சோற்றுக்கும் அந்தத் தோப்புதான். அழாத குறையாக ஓடிப்போய்த் தோட்டக்கலை அதிகாரியம்மாவை அழைத்து வந்தார்கள்.

அந்த அம்மா வேலியோரக் கறிவேப்பிலை மரத்தைக் காட்டினார். "இதுல வளர்ற குட்டிப் பூச்சிதான் எலுமிச்சைக்குப் போகுது. சீக்கு மரத்துல சாறு உறிஞ்சிட்டு, நல்ல மரத்துக்கும் சீக்கைக் கொண்டுபோய் வைக்குது. கறிவேப்பிலையில பூச்சி தங்க இடம் கொடுக்காதீங்க."

அவர் போனதும் ஆலோசனை நடந்தது.

"அத்தான், பூச்சி வந்துட்டுப் போகலாமா?" என்றான் கோமதிநாயகம்.

"தாராளமா வரலாம் மாப்ளே. தங்கத்தான் கூடாது."

சங்கிலி மரத்தடியில் காவலுக்கு உட்கார்ந்தான். பூச்சி வந்து இறங்கியதும், "சாப்பிட்டாச்சா? சரி, கிளம்புங்க" என்று கிளையை உலுக்குவான். அத்தனையும் எழுந்து நேரே எலுமிச்சைக்குப் போகும்.

"ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசலியே!" என்று ஆவுடையப்பன் நெகிழ்ந்துபோனார்.

மஞ்சள் பாதித் தோப்புக்குப் பரவியது. மறுபடி வந்த அதிகாரியம்மா தலையில் அடித்துக்கொண்டார். "முதல்ல கறிவேப்பிலையை வெட்டுங்க! ரெண்டும் ஒரே குடும்பம். அதான் பூச்சிக்கு ரெண்டும் ருசிக்குது."

வெட்டினார்கள். மரம் சாய்ந்ததும் கோமதிநாயகம் முகம் வெளிறியது.

"அத்தான், ஒரே குடும்பம்னா, எலுமிச்சைக்கு இப்போ பங்காளித் தீட்டுல்லா?"

ஆவுடையப்பன் துண்டைத் தோளிலிருந்து எடுத்தார். "ஆமா மாப்ளே. மொட்டை போடாம விட்டா ஊர் காறித் துப்பும்."

மூவரும் கத்தரியும் அரிவாளுமாக ஏறி, ஒரு இலை மிச்சமில்லாமல் தோப்பு முழுக்க மொட்டையடித்தார்கள். முறைப்படி தலைக்குத் தண்ணீரும் ஊற்றினார்கள்.

ஊற்றின தண்ணீருக்கு மரமெல்லாம் குப்பென்று கொழுந்து விட்டது. வாசம் பிடித்து, சுற்றுவட்டாரத்துப் பூச்சியெல்லாம் கூட்டம் கூட்டமாக வந்து இறங்கியது.

"அண்ணே," சங்கிலி துண்டால் கண்ணைத் துடைத்தான், "துக்கம் கேட்க வந்திருக்காங்க. எவ்வளவு கூட்டம் பாருங்க!"

விஷயம் கேள்விப்பட்டு அதிகாரியம்மா மருந்து அடிக்கும் மிஷினோடு ஓடிவந்தார். தோப்பு வாசலில் ஆவுடையப்பன் கைகூப்பி மறித்தார்.

"கொஞ்சம் பொறுங்கம்மா. பந்தி நடக்குது, பாதியில எழுப்பக் கூடாது. சங்கிலி, அம்மாவுக்கு அடுத்த பந்தியில ஒரு இலை போடுலே!"