தீராத மனுக்கள் எத்தனை?

முன்னொரு காலத்தில் ஒரு ராஜா தீர்த்த யாத்திரை போய்த் திரும்பினார். ராஜாக்கள் சும்மா இருந்தால் நாட்டுக்கே நிம்மதி. இவருக்கோ, கால் கழுவிய ஈரம் காய்வதற்குள் ஓர் ஆசை பிறந்துவிட்டது.

"சித்திரைத் தேரன்று புறப்பட்டோம், ஆடிப்பெருக்கன்று திரும்பினோம். இடையில் வந்த மனுக்களில் தீராமல் கிடப்பவை எத்தனை?"

மந்திரி அனந்தராயருக்கு வியர்த்தது. அவர் ஒரு மனுவையும் பிரித்துப் பார்க்கவில்லை. "விகடகவி வெண்காடனே இதற்குத் தகுந்தவன், பிரபு" என்று கைகாட்டினார். வெண்காடனைக் கண்டாலே அவருக்கு ஆகாது.

"வெண்காடா, நாளை சூரியன் மறைவதற்குள் சொல். தவறினால் உன் பதவி மந்திரியின் மைத்துனருக்கு" என்றார் அரசர்.

மனு அறையில் பல வருஷத்து ஓலைகள் ஒரே குவியலாகக் கிடந்தன. கலைத்துப் போட்டதே மந்திரிதான். தேதி பார்க்கலாமென்றால், ஒரு கணக்கர் மாதத்தை எழுதியிருந்தார், இன்னொருவர் நட்சத்திரத்தை, வேறொருவர் 'பட்டத்து யானைக்கு மதம் பிடித்த மறுநாள்' என்று. வெண்காடனுக்கு அலுத்துப்போயிற்று. ஊரைச் சிரிக்கவைத்தே அவன் தன் சிரிப்பை மறந்து ரொம்ப நாளாகிறது. வேலை போனால் போகட்டும் என்றுகூட நினைத்தான். வீட்டில் பெண்டாட்டி பிள்ளைகள் ஞாபகம் வந்தது. ஓலையில் நாள் புரியாவிட்டால் என்ன, கொடுத்தவனுக்குமா மறந்துபோகும்? எழுந்துபோய்த் தண்டோராக்காரனைக் கூப்பிட்டான்.

மறுநாள் காலை சபை நிரம்பி வழிந்தது.

"என்ன கூட்டம் இது?" என்றார் அரசர்.

"தாங்கள் கேட்ட மனுக்கள், பிரபு. தேர் முதல் பெருக்கு வரை மனுக் கொடுத்துப் பதில் கிடைக்காதவர்கள் மட்டும் வரச் சொன்னேன். தாமாகவே பிரிந்து வந்துவிட்டார்கள்."

"எண்ணிக்கை கேட்டால் ஆட்களை நிறுத்துகிறானே!" என்று குதித்தார் மந்திரி. "எத்தனை? சொல்லட்டும்!"

"சூரியன் மறைய நேரமிருக்கிறது, மந்திரியாரே."

அதற்குள் ஒரு குயவப் பெண் முன்னால் வந்தாள். "சாமி, யானை மிதிச்ச பானைக்கு ஞாயம் கேட்டு வைகாசியிலேயே எழுதிக் குடுத்தேன். மந்திரி வீட்டுக்கு நடந்து நடந்து காலே தேஞ்சுபோச்சு."

அரசர் மந்திரியைப் பார்த்தார். அவமானத்தில் அரசருக்கே முகம் சிவந்தது. அவளுக்கு நஷ்டஈடு கொடுக்கச் சொல்லிவிட்டு அடுத்தவனை அழைத்தார். பிறகு அடுத்தவன். கடைசி ஆள் கும்பிட்டுப் போனபோது அரசருக்குத் தொண்டை கட்டியிருந்தது, வெளியே வெயில் சாய்ந்திருந்தது.

"இப்போது சொல். எத்தனை?"

வெண்காடன் காலியான சபையைச் சுற்றிப் பார்த்தான். "ஒன்றுகூட இல்லை, பிரபு. சந்தேகமிருந்தால் மந்திரியார் எண்ணிப் பார்க்கட்டும்."

களைப்பை மீறி அரசர் விழுந்து விழுந்து சிரித்தார். தன் முத்துமாலையைக் கழற்றி அவன் கழுத்தில் போட்டார். "வேறென்ன வேண்டும்?"

"தூக்கம், பிரபு."

"நமக்கும்தான்" என்று சபைக்கு விடுமுறை விட்டார்.

மறுநாள் அரண்மனையில் எல்லோரும் தூங்கினார்கள், மனு அறையில் உட்கார்ந்து ஓலைகளை நாள்வாரியாக அடுக்கிக்கொண்டிருந்த அனந்தராயரைத் தவிர.