மேகம் விழுந்த குரூப் போட்டோ

ஓர் ஐப்பசி மாதம், மதுரைக்குப் பக்கத்தில், உலகத்துக் கண்களெல்லாம் கூடி மூன்று நாள் மாநாடு போட்டன. சாதாரணக் கண்கள் இல்லை. வானத்திலிருந்து பூமியைப் படம் பிடித்து, வரைபடம் போட்டுக் கொடுக்கும் பெரிய இடத்துக் கண்கள். "மேலிருந்து பார்த்தால் எல்லாம் தெரியும்" என்ற பேனரை மண்டபத்து மொட்டை மாடியில் மல்லாக்க விரித்திருந்தார்கள். தெருவில் போனவர்களுக்கு அது தெரியவில்லை. அவர்களுக்குத் தெரிய வேண்டும் என்று யாரும் நினைக்கவும் இல்லை.

தலைவர், ஓய்வு பெற்ற ஒரு செயற்கைக்கோள். இருபது வருஷம் எழுநூறு கிலோமீட்டர் உயரத்தில் சுற்றியவர். அந்தப் பழக்கத்தில், யாருடன் பேசினாலும் அவர்களின் உச்சந்தலையைப் பார்த்தே பேசுவார்.

"பேரவையோரே! நம் விதிகள் இரண்டு. ஒன்று, மேலிருந்து எடுத்த படத்தில் இல்லாதது, இல்லை. இரண்டு, மேகம் விழுந்த படம் படமே இல்லை, அழித்துவிட வேண்டும்."

கைதட்டல் ஒரு நிமிஷம் நீடித்தது. மேகத்துக்கு அழைப்பிதழே போகவில்லை.

மாநாட்டின் வேலை, புது வரைபடத்துக்கு ஒப்புதல் தருவது. அதில் நாரையேந்தல் என்ற கண்மாய் இருந்த இடம் பழுப்பாக இருந்தது. பழுப்பு என்றால் தரிசு. தரிசு என்றால் பஸ் ஸ்டாண்ட். மண்டபத்து வாசலில் ஒரு புல்டோசர் நின்றுகொண்டு, போகிற வருகிறவர்களை எல்லாம், "அண்ணே, கையெழுத்து ஆயிருச்சா? கை அரிக்குதுண்ணே" என்று கேட்டுக்கொண்டிருந்தது.

முதல் நாளே கடைசி வரிசையிலிருந்து ஒரு சர்வே கல் எழுந்தது. நாரையேந்தல் கரையில் நாற்பது வருஷமாக நிற்கும் கல். வானத்திலிருந்து அடையாளம் தெரிவதற்காக அதன் தலையில் வெள்ளைப் பெயிண்டில் பெருக்கல் குறி போட்டிருந்தார்கள். அந்தக் குறி இல்லாமல் எந்தப் படமும் பூமியில் சரியான இடத்தில் உட்காராது. அதனால்தான் அதற்கு அழைப்பு. "மூணாம் நாள் குரூப் போட்டோவில் நின்னா போதும், பேச வேண்டாம்" என்றும் சொல்லியிருந்தார்கள்.

"ஐயா, அது தரிசு இல்லைய்யா. கண்மாய். இப்பக்கூட என் இடுப்பு வரைக்கும் தண்ணி" என்றது கல். இடுப்பிலிருந்து சொட்டிய சேறு கம்பளத்தில் விழுந்தது.

"முதலில் அந்தக் கம்பளத்தைத் துடையுங்கள்" என்றார் தலைவர். "கேமரா சகோதரர்களே, நீங்கள் பார்த்தது என்ன?"

விமானத்தின் வயிற்றில் பறக்கும் இரட்டைக் கேமராக்கள் எழுந்தன. ஒருவர் எடுத்த படத்தின் பெரும்பகுதியை மற்றவர் மறுபடி எடுப்பதுதான் அவர்கள் தொழில். பேச்சும் அப்படியே.

"சித்திரை மாதம் பார்த்தோம், வறண்டு கிடந்தது" என்றார் இடது.

"பார்த்தோம், வறண்டு கிடந்தது, பையன்கள் கிரிக்கெட் ஆடினார்கள்" என்றார் வலது.

"சித்திரையில எந்தக் கண்மாய்ல தண்ணி நிக்கும்? கார்த்திகைப் படத்தை எடுங்கய்யா!" என்றது கல்.

"கார்த்திகைப் படத்தில் மேகம்" என்றார் இடது.

"படத்தில் மேகம், அழித்துவிட்டோம்" என்றார் வலது.

"அடப்பாவிகளா! மேகம் வந்தாத்தானே தண்ணி? மேகம் வர்ற மாசத்துப் படத்தையெல்லாம் கிழிச்சுட்டு, தண்ணி எங்கன்னா எப்படி?"

கூட்டத்தில் சலசலப்பு. ஓரத்தில் இருந்த ரேடார் எழுந்தது. மேகத்தை ஊடுருவிப் பார்ப்பது அதற்குப் பிறப்பிலேயே வந்த கலை. காது கேட்காதவர் மாதிரி கத்திப் பேசுவதும்தான்.

"நான் சொல்லுதேன்! போன கார்த்திகையில அந்தக் கண்மாயைப் பார்த்து ஒரு சத்தம் போட்டேன். தரையா இருந்தா திருப்பிக் கத்தும். பதிலே வரலை. அப்போ தண்ணிதான் ஓய்! அசையாத தண்ணி மட்டுந்தான் சத்தத்தை வேற பக்கம் தள்ளிவிடும்!"

"கூப்பிட்டீர், பதில் இல்லை. அதாவது அங்கே யாரும் இல்லை. நன்றி, அமருங்கள்" என்றார் தலைவர்.

கல் விடவில்லை. "நாலே கிலோமீட்டர்தான்யா. மீட்டிங்கை நிறுத்திட்டு ஒரு எட்டு வந்து பாருங்களேன்."

"இறங்கி வருவதா!" தலைவர் பதறிப்போனார். "ட்ரோன் தம்பி, நீ போய் வருகிறாயா?"

"சார், பேட்டரி பன்னெண்டு பர்சென்ட் சார். போவேன், திரும்பி வரமாட்டேன். ஓகேவா?"

ஓகே ஆகவில்லை. இரண்டாம் நாளும் கல் எழுந்தது, உட்காரவைத்தார்கள். மூன்றாம் நாள் காலை தீர்மானம் நிறைவேறியது. சாயங்காலம் வரைபடம் அச்சுக்குப் போகும். வாசலில் புல்டோசர் இன்ஜினைச் சூடேற்றியது.

மிச்சம் குரூப் போட்டோ. அது வெறும் ஞாபகத்துக்கு அல்ல. முதல் விதிப்படி, படம் இல்லாவிட்டால் மாநாடு நடக்கவே இல்லை, தீர்மானமும் இல்லை. சரியாகப் பத்தரைக்கு தலைவருக்குப் பதிலாக இப்போது சுற்றும் இளைய செயற்கைக்கோள் தலைக்கு மேலே கடந்து படம் எடுக்கும். எல்லோரும் புல்வெளியில் வரிசையாக நின்று அண்ணாந்து பார்த்துச் சிரித்தார்கள். கல் ஓரத்தில், பெருக்கல் குறியோடு நின்றது.

பத்து இருபத்தொன்பதுக்கு மேற்கே இருந்து ஒரு மேகம், அவசரமே இல்லாமல், நடந்து வந்தது.

மத்தியானம் ட்ரோன் ஓடிவந்தது. "சார்! போட்டோ வந்துடுச்சு சார். ஃபுல்லா பஞ்சு மிட்டாய்! ஒருத்தர் மண்டையும் தெரியல!"

"மறுபடி எடுக்கச் சொல்!"

"மேல போன செயற்கைக்கோள் தம்பி இனிமே இந்தப் பக்கம் வர பதினாறு நாள் ஆகும் சார்."

இரட்டைக் கேமராக்கள் ஒருவரை ஒருவர் தொட்டுப் பார்த்துக்கொண்டன.

"நாம் இங்கே இருந்தோமா?" என்றார் இடது.

"இங்கே இருந்தோமா, இல்லையா?" என்றார் வலது.

தலைவர் முதல் முறையாகக் கல்லின் முகத்தைப் பார்த்தார். "ஐயா... நீங்கள் கீழே நின்றீர்கள். எங்களைப் பார்த்தீர்கள் அல்லவா?"

"பார்த்தேன்."

"நாங்கள் இருந்தோம்தானே?"

"இருந்தீக. மூணு நாளும் இருந்தீக. என்ன செய்ய, மேகம் விழுந்துபோச்சே. அழிச்சிற வேண்டியதுதானே?"

தலைவர் பேனாவை எடுத்தார். ஒரே நிமிஷத்தில் புது விதி எழுதினார்: "மேகம் மறைத்த படத்திலும், தரையில் நின்று பார்த்தவர் சாட்சி சொன்னால், இருந்தது இருந்ததே." எல்லாக் கைகளும் உயர்ந்தன. சாட்சிக் காகிதத்தைக் கல்லிடம் நீட்டினார்கள்.

கல் இரண்டு வரி எழுதியது. மாநாட்டில் இவர்கள் இருந்தார்கள். நாரையேந்தலில் தண்ணீர் இருக்கிறது.

"இரண்டாவது வரி தேவையில்லையே" என்றார் தலைவர்.

"நான் ஒரே கல்லுதான்யா. பாதிக் கல்லை நம்புறதா இருந்தா, எந்தப் பாதின்னு சொல்லுங்க. அதை மட்டும் இங்க விட்டுட்டுப் போறேன்."

"நம்புங்கய்யா, நான் மூணு நாளா சொல்லுதேன்!" என்று கத்தியது ரேடார்.

சாயங்காலம் அச்சான வரைபடத்தில் நாரையேந்தல் நீலமாக இருந்தது. புல்டோசர் இன்ஜினை அணைத்துவிட்டு, "கை இன்னும் அரிக்குதே" என்று முனகிக்கொண்டு போனது.

கல் கரைக்குத் திரும்பி நின்றபோது, மேகம் கண்மாய்க்கு மேலே வந்து இறங்கத் தொடங்கியிருந்தது.

"நல்ல நேரம் பார்த்து அவங்களுக்குக் குறுக்க வந்தீரு மாப்ளே" என்றது கல்.

"நானா?" என்றது மேகம், கொட்டிக்கொண்டே. "நான் எப்பவும் வர்ற ஐப்பசிக்கு, எப்பவும் வர்ற வழியில வந்தேன். நடுவுல அவங்கதான் வரிசையா நின்னு சிரிச்சுக்கிட்டிருந்தாங்க."