மணி அடிக்காத அறை

"என்கிட்ட இன்னும் என்னதான் குறை மேடம்?"

கேட்கக் கூடாது என்றுதான் ஷெர்லின் வந்தாள். வாய் கேட்டுவிட்டது.

டாக்டர் மைமூன் அவளுடைய மார்க் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார். உயிரியல், வேதியியல் என்று எல்லாவற்றிலும் அவள்தான் முதல்.

"குறைன்னு நான் சொல்லவே இல்லையே."

"ஒவ்வொரு பயிற்சி முடிஞ்சதும் 'இன்னும் இல்லை, இன்னும் இல்லை'ன்னுதானே சொல்றீங்க! திங்கட்கிழமை நிஜ நேர்காணல். அதுல தோத்தா நான் பெட்டியைக் கட்டிட்டு ஊருக்குப் போக வேண்டியதுதான்."

அவள் சொன்னது மிகையில்லை. நாகர்கோவிலிலிருந்து மலேசியாவில் பினாங்குக்கு வந்து ஒரு வருஷம் ஃபவுண்டேஷன் படிப்பு. அது முடிந்தால் டாக்டர் படிப்பு. ஆனால் இரண்டுக்கும் நடுவில் நேர்காணல் என்று ஒன்று இருக்கிறது. மார்க் எவ்வளவு வாங்கியிருந்தாலும் அதில் தேறாவிட்டால் உள்ளே இடம் கிடையாது. இதெல்லாம் அவள் அம்மாவுக்கு எங்கே தெரியும்? சர்ச்சில் எல்லோரிடமும் 'என் மக டாக்டர்' என்று சொல்லி முடித்தாயிற்று. பக்கத்து வீட்டு அக்கா முழங்கால் வலிக்கு ஃபோனில் மருந்துகூடக் கேட்டுவிட்டாள்.

"என்ன குறைன்னு அவர்கிட்ட கேளேன்," என்று டாக்டர் மைமூன் விரலை நீட்டினார்.

விரல் காட்டிய இடத்தில் மூன்றாம் அறை. அந்த அறைக்காரர் குணாளன்.

ஷெர்லினுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. போயும் போயும் அவரிடமா?

குணாளன் மேடை நாடக நடிகர். இப்போது இந்தக் கல்லூரியில் அழுகிற வேலை பார்க்கிறார். ஆமாம், அழுகிற வேலைதான்.

நேர்காணலில் வரிசையாக அறைகள் இருக்கும். மணி அடித்தால் உள்ளே போக வேண்டும், மறுபடி அடித்தால் வெளியே வர வேண்டும். ஓர் அறையில் கணக்குப் போடச் சொல்வார்கள். இன்னோர் அறையில் ஏன் டாக்டராக ஆசைப்படுகிறாய் என்று குடைவார்கள். வேறோர் அறையில் துக்கத்தில் இருக்கும் ஒருவர் உட்கார்ந்திருப்பார். அவரிடம் எப்படிப் பேசுகிறாய் என்று மூலையில் ஓர் ஆள் உட்கார்ந்து மார்க் போடுவார்.

பயிற்சியில் அந்தத் துக்கக்காரர் குணாளன்தான். மனைவி இறந்துபோன கணவன் வேஷம். ஒரு வருஷமாக அதே மனைவியை அதே இங்கிலீஷில் பறிகொடுத்துக்கொண்டிருந்தார். மனுஷன் அழ ஆரம்பித்தால் கல்லும் கரைந்துவிடும். மணி அடித்ததும் டக்கென்று நிறுத்திவிட்டு, "யாராச்சும் கோப்பி குடிக்க வரீங்களா?" என்பார்.

ஷெர்லின் ஒருநாளும் போனதில்லை.

"நடிக்கிறவர்கிட்ட நான் என்னத்தைக் கேக்க?" என்றாள்.

டாக்டர் மைமூன் மார்க் தாளை மடித்து மேசைக்குள் வைத்தார்.

"நாளைக்குக் கடைசிப் பயிற்சி. வந்துடு."

மறுநாள் அவள் எல்லோருக்கும் முன்னால் போய் நின்றாள். பேச வேண்டியதெல்லாம் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. நாற்காலியை எதிரே போடாமல் சற்றுப் பக்கவாட்டில் போட வேண்டும். குரலைத் தாழ்த்த வேண்டும். டிஷ்யூ டப்பாவை மெதுவாக நகர்த்த வேண்டும். கண்ணாடி முன்னால் நின்று எத்தனை தடவை செய்து பார்த்திருப்பாள்!

மூன்றாம் அறைக் கதவு பாதி திறந்திருந்தது.

குணாளன் உள்ளே தனியாக இருந்தார். கையில் ஃபோன். அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"என் தம்பி போயிட்டான்மா," என்றார்.

தமிழில் சொன்னார்.

ஓஹோ, அப்படியா சங்கதி என்று நினைத்தாள் ஷெர்லின். எப்போதும் மனைவி, இன்றைக்குத் தம்பி. எப்போதும் இங்கிலீஷ், இன்றைக்குத் தமிழ். மூலையில் மார்க் போடுகிறவரையும் காணோம். கேமரா வைத்திருப்பார்கள். கடைசிப் பயிற்சி அல்லவா, மேடம் எல்லாவற்றையும் மாற்றி வைத்து ஆளைக் கவிழ்க்கப் பார்க்கிறார். யாரிடம்?

நாற்காலியைப் பக்கவாட்டில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"காலையிலகூடப் பேசினான்," என்றார் குணாளன். "மீன் வாங்கி வச்சிருக்கேன், ஞாயித்துக்கிழமை கண்டிப்பா வந்துடுண்ணேன்னு சொன்னான்."

அவள் உடனே பதில் சொல்லவில்லை. துக்கப்படுகிறவர் முன்னால் கொஞ்சம் மௌனமாக இருக்க வேண்டும் என்பது பாடம். மனசுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று எண்ணினாள். எண்ணி முடித்ததும் பேசினாள்.

"உங்க வேதனை எனக்குப் புரியுது சார். இந்த நேரத்துல உங்களுக்குத் துணையா யாராவது இருக்காங்களா?"

குணாளன் அவளையே பார்த்தார்.

"இருந்தான்," என்றார். "அவன்தான்மா இருந்தான்."

பிறகு உடைந்து அழுதார். முகத்தை மூடிக்கொள்ளக்கூடத் தெரியாமல், மூக்கு ஒழுக, குழந்தை மாதிரி அழுதார். ஷெர்லின் டிஷ்யூ டப்பாவை மெதுவாக நகர்த்தினாள். சரியான இடத்தில் தலையை ஆட்டினாள். ஒரு தப்பு கிடையாது. அவளுக்கே தெரிந்தது, இவ்வளவு கச்சிதமாக அவள் ஒருநாளும் செய்ததில்லை.

போதும் என்று தோன்றியதும் எழுந்தாள். இன்றைக்கு மனசு நிறைந்திருந்ததால், ஒரு வருஷமாகச் சொல்லாத பாராட்டையும் சொல்லிவிட்டாள்.

"சார், இன்னைக்கு உங்க அழுகை பிரமாதம்! நானே நம்பிட்டேன்!"

குணாளன் ஈரக் கண்ணோடு அவளைப் பார்த்தார். காதில் விழுந்தது என்ன என்பதே அவருக்குப் புரியவில்லை போலிருந்தது. கைதட்டல் வாங்கிப் பழகிய வாய் தானாகத் திறந்தது.

"நன்றிம்மா."

அவள் துள்ளிக்கொண்டு வெளியே வந்தாள். எதிரே டாக்டர் மைமூன் கையில் தண்ணீர் டம்ளரோடு அரக்கப்பரக்க வந்துகொண்டிருந்தார்.

"மேடம், மூணாம் ரூமை முடிச்சுட்டேன்! இன்னைக்காவது சொல்லுங்க, எத்தனை மார்க்?"

டாக்டர் மைமூன் நின்றார்.

"மணி அடிச்சுதா?"

"என்ன மேடம்?"

"மூணாம் ரூமுக்கு மணி அடிச்சுதா ஷெர்லின்?"

அவள் மூன்றாம் அறையைத் திரும்பிப் பார்த்தாள்.

மணி அடிக்கவில்லை. உள்ளே போகும்போதும் அடிக்கவில்லை, வரும்போதும் அடிக்கவில்லை. மூலையில் ஆள் இல்லை. பயிற்சி நேரத்தில் ஃபோனே வைத்துக்கொள்ளாத மனுஷன் கையில் ஃபோன் இருந்தது.

"ஐயோ," என்றாள். "ஐயய்யோ மேடம்! தம்பி..."

"மாரடைப்பு. ஈப்போவில. இப்பத்தான் ஃபோன் வந்துச்சு. கார் சொல்லிட்டு, அவருக்குத் தண்ணி எடுக்கப் போனேன்."

"நான் அவர்கிட்ட பிரமாதம்னு சொல்லிட்டேன் மேடம். அழுகை பிரமாதம்னு சொல்லிட்டேன்!"

டம்ளரிலிருந்த தண்ணீர் தளும்பி டாக்டர் மைமூனின் கையில் வழிந்தது. அவர் திட்டவில்லை. குணாளன் அதற்குள் அறையை விட்டு வந்து வாசல் பக்கம் நடந்துகொண்டிருந்தார். டாக்டர் மைமூன் நேற்று நீட்டிய அதே விரலை அந்தப் பக்கமாக நீட்டினார்.

ஷெர்லின் ஓடினாள்.

குணாளன் போர்ட்டிகோ பெஞ்சில் உட்கார்ந்து காருக்காகக் காத்திருந்தார். சட்டைப் பொத்தான் ஒன்று மாறிப் போட்டிருந்தது. அவள் அவர் முன்னால் போய் நின்றாள்.

படித்த வாக்கியங்கள் எல்லாம் வந்தன. உங்கள் வேதனை எனக்குப் புரிகிறது. இது மிகக் கடினமான நேரம். ஒவ்வொன்றாக வந்து நாக்கு நுனியில் நின்றன. ஒன்றையும் வெளியே விட அவளுக்கு வெட்கமாக இருந்தது. மூக்கு ஒழுகியது. துடைக்க டிஷ்யூகூட இல்லை.

குணாளன் பெஞ்சில் நகர்ந்து அவளுக்கு இடம் விட்டார்.

அவள் உட்காரவில்லை.

"மன்னிச்சிடுங்க சார்," என்று தேம்பினாள். "நீங்க நடிக்கிறீங்கன்னு நினைச்சுட்டேன்."

கார் வந்து நின்றது. அவர் முழங்காலில் கையை ஊன்றி எழுந்தார். கார்க் கதவைத் திறந்தவர், திரும்பி, அழுகிற அவளைப் பார்த்தார். அவர் முகத்தில் கோபம் துளிகூட இல்லை.

"அதனால என்னம்மா," என்றார். "நானும் உன்னை இத்தனை நாளா அப்படித்தானே நினைச்சுட்டிருந்தேன்."