திமிங்கலம் யாருது?

ஆலாக்குப்பத்துக் கடற்கரையில் திடீரென்று ஒரு வேலி முளைத்தது. போட்டவர் இறால் பண்ணை முதலாளி தணிகாசலம். "இனிமே இங்க ஒருத்தனும் வலை இழுக்கக் கூடாது. கரை என்னுது" என்று பட்டாவை நீட்டினார். அலைக்கு யார் பட்டா கொடுத்தார்களோ! விசாரிக்கத் தாசில்தார் வந்தார்.

"சிப்பியிலேர்ந்து சுறா வரைக்கும் எது இங்க ஒதுங்கினாலும் எனக்குத்தான் சொந்தம்" என்று முதலாளி மார்தட்டினார். ஊர்ப் பெரிய தலைகளை விலக்கிக்கொண்டு, கருவாடு காயவைக்கும் அஞ்சலாட்சி முன்னால் வந்தாள்.

"சுறாவை விடப் பெருசா ஒதுங்கினாலுமா முதலாளி?"

"அதுவும் என்னுதுதான்!"

"தாசில்தார் ஐயா, அதை அப்படியே எழுதிக் கையெழுத்து வாங்கிக்குங்க."

முதலாளி குஷியாகக் கையெழுத்துப் போட்டார். அந்த நேரம் பார்த்துக் கடல்காற்று திரும்பியது. எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள்.

"சவுக்குத் தோப்புக்கு அந்தாண்ட ஒரு திமிங்கலம் செத்து ஒதுங்கி மூணு நாளாச்சு முதலாளி. நாப்பது அடி. எங்க வழக்கப்படி கரை யாருதோ அவங்கதான் புதைக்கணும். சீக்கிரம் ஆளைக் கூப்பிடுங்க. வயிறு வீங்கிக்கிட்டே போகுது, வெடிச்சா உங்க இறால் குட்டையிலதான் விழும்."

முதலாளி பேனாவைப் பிடுங்கினார். முதலில் எழுதியதை அடித்தார். கரை ஊருக்கே சொந்தம் என்று எழுதிக் கொடுத்துவிட்டுக் காரைப் பார்த்து ஓடினார்.

ஊரே மண்வெட்டியோடு கிளம்பியது. திமிங்கலத்தின் வாலில் வலைக்கயிற்றைக் கட்டி, சிரித்துக்கொண்டே குழிக்கு இழுத்தார்கள்.

"மூணு நாளா இந்த நாத்தத்தை ஏம்மா புதைக்காம வச்சிருந்தீங்க?" என்று கேட்டார் தாசில்தார்.

"கரை யாருதுன்னு இன்னிக்குத்தானே ஐயா தெரிஞ்சுது!"