திமிங்கலத்துக்குக் கதை படித்த இருதயராஜ்

தூத்துக்குடியில் ஒரு பல் ஆஸ்பத்திரி. என் முறைக்காக உட்கார்ந்திருந்தேன். எதிர் பெஞ்சில் இருதயராஜ். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். வீங்கிய கன்னத்தைத் துண்டால் கட்டிக்கொண்டு, ஐந்து வயது மகள் பெனிட்டாவோடு வந்திருந்தார். கடைவாய்ப்பல் பிடுங்கணுமாம். கன்னம் வீங்கியும் வாய் மட்டும் ஓயவில்லை.

"எம் பிள்ளையளுக்குப் பாட்டு, கதை எல்லாம் நானேதான் எழுதுதேன் அண்ணாச்சி. கிரேன் கூண்டுல ஏறிட்டா, கப்பல் வார வரைக்கும் எழுத்துதான். இவ கைப்பிள்ளையில கஞ்சி குடிக்க மாட்டா. ரெண்டே வரி எழுதிப் படிச்சேன்:

கஞ்சி கஞ்சி வா வா,
குஞ்சு வாய்க்குள் போ போ!

கரண்டி தானா எந்திரிச்சு இவ வாய்க்குள்ள போச்சு."

"கரண்டியா?" என்றார் பக்கத்தில் இருந்த பேச்சித்தாய். உப்பளத்தில் வேலை பார்ப்பவர்.

"கரண்டி மட்டுமா? தெருவுல உள்ள கஞ்சிப்பானை பூரா மூடியத் தள்ளிட்டு எங்க வீட்டுக்கு உருண்டு வந்துட்டு. ஒரு வாரம் அக்கம்பக்கமே பட்டினி!"

"பொய்," என்றாள் பெனிட்டா.

"ஒனக்கு அப்ப எட்டு மாசம். ஒனக்கென்னட்டி தெரியும்? போன வருசம் பாருங்க, வழி தப்புன திமிங்கலக்குட்டியப் பத்தி இவளுக்கு ஒரு கதை. கூண்டுல இருந்து சத்தமாப் படிச்சுப் பாக்கேன், கீழ 'ஊம்'ன்னு ஒரு சத்தம். குனிஞ்சா, நெசத் திமிங்கலம்! வரிக்கு வரி ஊம் கொட்டுது. துறைமுகச் சங்குன்னு நெனச்சு, கொழும்புக்குப் போற கப்பலெல்லாம் இங்க திரும்பிட்டு."

"பொறவு?" என்றேன், பல்வலியை மறந்து.

"முடிவு இன்னும் எழுதல. கேக்காம அது நகர மாட்டேங்கு. துறைமுக வாசல்லயே படுத்துட்டு. வெளிய நாப்பது கப்பல் நிக்கி. ஆபீசர்மாரு கிரேனுக்கு அடியில நின்னு கையெடுத்துக் கும்புடுதாவ, 'முடிச்சிரும்யா!'ன்னு. வீட்டுக்குப் போன் போட்டேன். இவதான் சொன்னா, 'குட்டிய அதோட அம்மா வந்து கூட்டிட்டுப் போயிட்டு'ன்னு. அதப் படிச்சேன். திமிங்கலம் தேம்பித் தேம்பி அழுதுச்சு. கண்ணீர்ல கடலே ஒரு முழம் ஏறிட்டு!"

பேச்சித்தாய் விடவில்லை. "இருவது வருசமா கடக்கரையிலதான் கெடக்கேன். கடல் ஒண்ணும் ஏறலியே?"

"போன வருசம் உப்பு எப்படி வெளஞ்சுது?"

"கொஞ்சம் கூடத்தான்..."

"அது யார் கண்ணீருன்னு நெனச்சிய?"

இருதயராஜ் எங்களை எல்லாம் ஒரு சுற்றுப் பார்த்துக்கொண்டார்.

கதவு திறந்தது. "இருதயராஜ்! மூணு தடவை கூப்பிட்டாச்சு. உள்ள வாரியளா, இல்லியா?" என்றார் நர்ஸ்.

இருதயராஜ் பெஞ்சை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "இந்தா வாரேன் சிஸ்டர். அந்தத் திமிங்கலம் பொறவு எனக்கு ஒரு கடுதாசி போட்டுது, அத மட்டும் சொல்லிட்டு..."

பெனிட்டா அவர் விரலைப் பிடித்து இழுத்தாள்.

"பயப்படாதீங்கப்பா. பல்ல மட்டுந்தான் பிடுங்குவாவ. நாக்க விட்டுருவாவ."