எந்த யானை

“வேலை தெரிந்தவன் நடுவில் நிற்கணும், ஓரத்தில் நின்றால்…” என்று ஒரு பெரியவர் மேடையில் பேசினார். மீதி குணபாலனுக்கு நினைவில்லை. கேட்ட பாதியே அவரைத் தூங்கவிடாமல் செய்தது.

கடலோரத்தில், பேருந்து திரும்பிப் போகும் கடைசி ஊரில், தையல்நாயகி அம்மாவின் ஆசிரமம். குணபாலன் வந்து இரண்டு வருடம். குருவைவிட ஆறு வயது மூத்த சீடர். எழுத்துத் தெரியாத படகுக்காரர்கள் பதினொரு பேருக்கு மாலையில் வகுப்பு எடுத்தார். சென்னையின் பெரிய மடம் ஒன்று அவரைப் பேச்சாளராக வரும்படி கேட்டிருந்தது. அங்கே ஆயிரம் பேர் கேட்பார்கள். அவர் போய்விட்டால் இங்கே வகுப்பெடுக்க ஆள் இல்லை. வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

போகலாமா என்று குருவிடம் கேட்டார்.

அம்மா சதுரங்கப் பலகையை எடுத்து அவர் முன்னால் வைத்தார். காய்கள் இல்லை.

“இதுல ஒரு யானை மட்டும் நிக்குது. ஒவ்வொரு கட்டத்துல இருந்தும் அதுக்கு எத்தனை வழின்னு எண்ணிட்டு வாங்க.”

குணபாலன் மாலை வரை எண்ணினார். தாளோடு வந்தபோது முகத்தில் தெளிவு இருந்தது.

“மூலையில் ஏழு வழி. நடுவில் பதிமூன்று. அறுபத்து நாலு கட்டத்துக்கும் சேர்த்து ஐந்நூற்று அறுபது. பதில் கிடைத்துவிட்டது அம்மா. நடுவுக்குத்தான் போகணும்.”

அம்மா தாளைப் பார்த்தார்.

“உங்க யானை எப்படிப் போகும்?”

“சாய்வாக. அப்பா அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்.”

கீரை ஆய்ந்துகொண்டிருந்த சமையல்கார செல்லக்கனி சிரித்துவிட்டாள். அது மந்திரி என்றாள். இத்தனை நாள் யாரோடும் ஆட உட்காராதவருக்கு இது எப்படித் தெரியும் என்று கீரையிடம் கேட்டாள்.

இங்கே யானை நேராகப் போகும், நெடுக்கிலும் கிடையிலும், என்றார் அம்மா. குணபாலன் பலகையோடு மறுபடி போனார். இந்த முறை கால் மணி நேரம்கூட ஆகவில்லை.

“மூலையில் பதினாலு. ஓரத்தில் பதினாலு. நடுவிலும் அதே பதினாலு. மற்றதை எண்ணவே வேண்டாம் அம்மா. எங்கே நின்றாலும் நெடுக்கில் ஏழு, கிடையில் ஏழு.”

“சரி.”

“அப்போ முதல் கணக்குத் தப்பா?”

“அதுவும் சரிதான். சாய்ஞ்சு போற காய்க்கு அதுதான் கணக்கு.”

“அப்படின்னா நான் போகணுமா, வேண்டாமா?”

அம்மா பலகையைத் துடைத்துச் சுவரில் சாய்த்து வைத்தார்.

“நீங்க எந்த யானை?”

வாசலில் படகுக்காரர்கள் கால் கழுவும் சத்தம் கேட்டது. குணபாலன் எழுந்து போய் வகுப்பை எடுத்தார்.

வெள்ளிக்கிழமை காலை, வரவில்லை என்று சென்னைக்கு எழுதினார்.